முறுக்குப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. ஓராண்டாக வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, எடையும் ஏறவில்லை. ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்து, நான்கு மாதத்துக்கு முன், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் என்று உறுதி செய்தார்கள். வீட்டில் இட்லி, தோசை, சோறு என்று சமாளித்துவிடுகிறோம். பள்ளி இடைவேளைக்கும் ரயில் பயணத்துக்கும் என்ன கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்ட பிஸ்கட் வாங்கினேன். விலை மூன்று மடங்கு, வாயில் போட்டால் மணல் மாதிரி உதிர்கிறது. ஒன்றைக் கடித்துவிட்டு, "இனிமே எனக்கு ஸ்நாக்ஸே வேண்டாம்மா" என்று டப்பாவை மூடிவிட்டாள். நம்பி வாங்கக்கூடிய, ருசியான பாக்கெட் தின்பண்டம் கடையில் எதுவுமே இல்லையா? மாமியார் வேறு, "கொஞ்சம் தின்னா என்ன ஆயிடப் போகுது" என்கிறார்.
ஒரு வாசகி, கரூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் டப்பாவை மூடிவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். பசியோடு இருக்கும் பிள்ளை தின்பண்டமே வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வரக் கூடாது. வர வேண்டிய அவசியமும் இல்லை. நீங்கள் தேடுவது கடையில் இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடிய அலமாரியில் இல்லை, அதற்கு இரண்டு வரிசை தள்ளி இருக்கிறது.

'குளூட்டன் ஃப்ரீ' அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் பிஸ்கட், பிரெட், கேக், பாஸ்தா. எல்லாமே கோதுமைக்காகவே பிறந்த பண்டங்கள். கோதுமை மாவைப் பிசையும்போது ரப்பர் மாதிரி இழுபடுகிறதே, அந்த இழுவைதான் குளூட்டன். பிஸ்கட்டை உதிராமல் பிடித்து வைப்பதும் பிரெட்டைப் பஞ்சுபோல உப்ப வைப்பதும் அதுதான். அதை எடுத்துவிட்டு மக்காச்சோள ஸ்டார்ச்சையும் மரவள்ளி மாவையும் போட்டு அதே பிஸ்கட்டைச் செய்தால் உதிரத்தான் செய்யும். குழந்தையின் நாக்கு பழைய பிஸ்கட்டை நினைத்துக்கொண்டு கடிக்கிறது, ஏமாந்துபோகிறது. அவள் மேல் தவறே இல்லை.

முறுக்குக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. அது அரிசி மாவுப் பண்டம். சீடை, ரிப்பன் பகோடா, ஓமப்பொடி, காராசேவு, பொரி உருண்டை, கடலை மிட்டாய், எள்ளுருண்டை, நேந்திரங்காய் சிப்ஸ் எதற்கும் முறைப்படி கோதுமை தேவையே இல்லை. அரிசி, உளுந்து, கடலை மாவு, நிலக்கடலை, எள், வாழைக்காய் ஆகியவற்றில் குளூட்டன் இயல்பிலேயே கிடையாது. சீலியாக் வந்த குழந்தைக்கு இவ்வளவு தின்பண்டம் வைத்திருக்கும் ஊர் உலகத்தில் அதிகம் இருக்காது என்பது என் எண்ணம். ஆகவே தேடலைச் சாதாரண மளிகைக் கடையின் மிக்சர், முறுக்கு வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள்.

சரி, அப்படியானால் எந்த முறுக்கையும் வாங்கிக் கொடுத்துவிடலாமா? முடியாது. கோதுமை அந்தப் பாக்கெட்டுக்குள் மூன்று வழியாக நுழையும்.

முதல் வழி மைதா. நம் ஊரில் மைதாவும் ரவையும் கோதுமைதான் என்பதே பலருக்குத் தெரியாது. "கோதுமை நிறுத்திட்டோம் டாக்டர், ரவா உப்புமாதான் கொடுக்கிறோம்" என்று சொன்ன பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சேமியாவும் பெரும்பாலும் கோதுமைதான். தட்டை மொறுமொறுப்பாக வரவும் செலவு குறையவும் மைதா சேர்க்கிறவர்கள் உண்டு. மைதாவை ஆவியில் வேகவைத்துப் பிழியும் முறுக்கும் உண்டு, அது வாயில் கரையும் என்பதற்காகவே சிலர் விரும்பிச் செய்கிறார்கள். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது வழி பெருங்காயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பையன், உங்கள் மகளைவிட ஒரு வயது மூத்தவன். வீட்டில் கோதுமை அறவே கிடையாது, அம்மா அவ்வளவு கவனம். ஆனாலும் எட்டு மாதமாக அவன் ரத்தப் பரிசோதனையில், இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் அளவு இறங்க மறுத்தது. கடைசியில் அடுக்களையில் இருக்கும் எல்லா டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தோம். மஞ்சள் நிறப் பெருங்காய டப்பாவின் பின்னால், எறும்பு மாதிரி ஊரும் எழுத்தில், முதல் பொருளாகவே கோதுமை மாவு இருந்தது. சாம்பார், ரசம், சட்னி, இட்லிப் பொடி, மோர் என்று நாளுக்கு நான்கு ஐந்து முறை அது அவன் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அந்த அம்மா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கடையில் நாம் வாங்கும் பெருங்காயத் தூள் சுத்தப் பெருங்காயம் இல்லை. பிசினோடு மாவு சேர்த்துச் செய்யும் கூட்டுப் பெருங்காயம். சில நிறுவனங்கள் மைதா சேர்க்கின்றன, சில அரிசி மாவு சேர்க்கின்றன. அரிசி மாவு சேர்த்ததை வீட்டுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். தின்பண்டப் பாக்கெட்டில் வெறுமனே 'பெருங்காயம்' என்று போட்டிருந்தால் அது எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

மூன்றாவது வழி எண்ணெய்ச் சட்டி. காலையில் முறுக்குப் பிழிந்த அதே எண்ணெயில் மதியம் சமோசா, மாலையில் மைதா வெட்டுக்கேக் என்று பொரித்தால், மறுநாள் முறுக்கில் மைதாத் துகள் ஒட்டும். தெருவோர ஹாட் சிப்ஸ் கடையில் நின்று கால் மணி நேரம் பார்த்தாலே தெரிந்துவிடும். வாழைக்காயும் உருளைக்கிழங்கும் மரவள்ளியும் மட்டும் சீவிப் போடுகிற சட்டி என்றால் நம்பலாம். பக்கத்தில் பஜ்ஜி, போண்டா மாவு கரைத்து வைத்திருந்தால் நகர்ந்துவிடுங்கள், அதில் மைதா இருக்கலாம்.

இப்போது பாக்கெட்டைத் திருப்புவோம். நம் நாட்டுச் சட்டப்படி, குளூட்டன் உள்ள தானியங்கள் சேர்ந்திருந்தால் பாக்கெட்டில் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பொருள் பட்டியலுக்குக் கீழே, பெரும்பாலும் தடித்த எழுத்தில், 'கன்டெயின்ஸ் வீட்' (கோதுமை உள்ளது) என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். முதலில் அந்த வரியைத் தேடுங்கள். இருந்தால் பாக்கெட்டை வைத்துவிடுங்கள், மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை. 'மே கன்டெயின் வீட்' என்றிருந்தால், அதே தொழிற்சாலையில் கோதுமையும் புழங்குகிறது, கலந்திருக்கலாம் என்று அர்த்தம். உங்கள் மகளுக்குக் குடல் இப்போதுதான் ஆறத் தொடங்கியிருக்கிறது. ரத்த அளவுகள் சரியாகும்வரை இதையும் தவிர்த்துவிடுங்கள் என்பேன். அந்த வரி இல்லை என்பதாலேயே பண்டம் சுத்தம் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம்.

லேபிள் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று மலைக்காதீர்கள். நான் பெற்றோருக்குச் சொல்லும் ஒரு வழி இது. கடையிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ மைதா, ரவை, ஆட்டா, மால்ட் பானம் ஆகியவற்றின் காலி உறைகளை வாங்குங்கள். பொருள் பெயர் இருக்கும் துண்டை மட்டும் வெட்டி ஒரு சின்ன நோட்டில் ஒட்டிவிடுங்கள். கடைக்குப் போகும்போது அந்த நோட்டை மகள் கையில் கொடுங்கள். பாக்கெட்டில் இருக்கும் எழுத்தும் நோட்டில் இருக்கும் எழுத்தும் ஒன்றா என்று அவளே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 9 வயதுப் பிள்ளைக்கு இது இரண்டே வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். நாளைக்கு நீங்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் அவளைக் காப்பாற்றப் போவது அந்தப் பழக்கம்தான்.

நோட்டில் பார்லிக்கும், அதை முளைக்கவைத்துச் செய்யும் மால்ட்டுக்கும் கட்டாயம் இடம் கொடுங்கள். கோதுமை மட்டும் இல்லை, பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இதே பிரச்சினைதான். ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்கள் கூடாது. கார்ன்ஃபிளேக்ஸ் மக்காச்சோளம்தானே என்று வாங்குவோம், பலவற்றில் சுவைக்காகப் பார்லி மால்ட் சாறு சேர்க்கிறார்கள். ஓட்ஸ், பயிராகும் இடத்திலும் அரைக்கும் இடத்திலும் கோதுமையோடு கலந்துவிடுவதால், இப்போதைக்கு வேண்டாம். அப்புறம், 'லிக்விட் குளூக்கோஸ்' என்று கடலை மிட்டாய் உறையில் பார்த்துவிட்டுப் பலர் பயந்து வைத்துவிடுகிறார்கள். குளூக்கோஸ் வேறு, குளூட்டன் வேறு. அது வெறும் சர்க்கரைப் பாகு மாதிரி, கொடுக்கலாம்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது சிறுதானியப் பாக்கெட்டுகள். முன்பக்கம் பெரிதாகக் கேழ்வரகுக் கதிர் படம், 'ராகி பிஸ்கட்' என்று பெயர். திருப்பினால் முதல் பொருள் மைதா அல்லது ஆட்டாவாக இருக்கும். பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் எழுத வேண்டும் என்பது விதி. ஆகவே முதலில் எது நிற்கிறதோ அதுதான் அந்த பிஸ்கட். சிறுதானிய நூடுல்ஸும் இப்படித்தான், பலவற்றில் கோதுமை இருக்கிறது. கேழ்வரகும் கம்பும் சோளமும் தினையும் நல்ல தானியங்கள், குளூட்டன் இல்லாதவை. அந்தப் பெயரை முன்னால் போட்டுக் கோதுமையை விற்பது உங்கள் மகளைப் போன்ற குழந்தைகளுக்குச் செய்யும் கெடுதல் என்றே நான் நினைக்கிறேன்.

உள்ளூர்க் குடிசைத் தொழில் பாக்கெட்டுகளில் பல நேரம் பெயரும் தேதியும் தவிர விவரம் இருக்காது. ருசியான பண்டமெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்பதும் உண்மை. அதில் ஒரு போன் நம்பர் இருந்தால் கூப்பிடுங்கள். ஆனால் "குளூட்டன் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சொல்லே தெரியாதவர், "அதெல்லாம் நாங்க சேர்க்கறதில்லைங்க" என்றுதான் சொல்வார். மனதறிந்து சொல்லும் பொய் கிடையாது அது, தெரியாமல் சொல்வது. தமிழ்நாட்டில் சீலியாக் அபூர்வம். கோதுமை அதிகம் சாப்பிடும் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கு இருக்கிறது, தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் அளவுதான். அவர் இதைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு.

நீங்கள் கேட்க வேண்டியது இப்படி: "அண்ணே, முறுக்கு மாவுல அரிசி தவிர என்னென்ன போடுவீங்க? மைதா கொஞ்சமாச்சும் சேர்ப்பீங்களா? பெருங்காயம் எந்தக் கம்பெனி? அதே சட்டியில வேற என்ன பொரிப்பீங்க? மாவு எங்க அரைக்கிறீங்க?" குழந்தைக்கு உடம்பு சரியில்லை, மைதா பட்டால் ஆகாது என்று காரணத்தையும் சொல்லிவிடுங்கள். சொன்னால் நம் ஆட்கள் அக்கறையாகப் பதில் சொல்வார்கள். ஒரு அம்மாவுக்கு அவர் ஊர் முறுக்குக்காரர், மாதம் ஒருமுறை புது எண்ணெய் ஊற்றும் நாளில் முதல் ஈட்டை அவருக்காகவே எடுத்து வைக்கிறார்.

மாவு அரைக்கும் இடத்தைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம், மிஷினில் கோதுமை அரைத்த கையோடு அரிசியைப் போட்டால் அரிசி மாவில் கோதுமை கலந்துவிடும். நீங்கள் வீட்டுக்கு அரைக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். கோதுமையே போடாத மிஷின் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் ஊறவைத்து மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களோடு கடைக்கு வந்தால் என்ன எடுப்பேன் என்று சொல்கிறேன். எந்தப் பாக்கெட்டானாலும் பின்பக்கம் பார்த்த பிறகுதான் கூடைக்குள் போகும், அதை மறக்க வேண்டாம். முதலில் உப்புப் போட்டு வறுத்த பாசிப்பருப்பு. பருப்பு, எண்ணெய், உப்பு, மூன்றே பொருள். பட்டியல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நிம்மதி. அடுத்து கடலை மிட்டாய். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வேர்க்கடலையும் வெல்லமும்தான் அதன் உயிர். ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு ஸ்டார்ச் பிஸ்கட்டைவிட இது எவ்வளவோ மேல். எள்ளு மிட்டாய், பொட்டுக்கடலை உருண்டை, தேங்காய் மிட்டாய். உப்பு மட்டும் போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸ், நேந்திரங்காய் சிப்ஸ். மசாலா தூவிய சிப்ஸ் என்றால் அந்த மசாலாவில் என்ன இருக்கிறது என்று தனியாகப் படிக்க வேண்டும். வீட்டிலேயே பொரிக்கும் சோளப்பொரி. வறுத்த தாமரை விதை. பேரீச்சை, உலர்திராட்சை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா பாலும் சர்க்கரையும் மட்டுமே, ஆனால் குடல் ஆறும் முதல் சில மாதங்களில் பால் சர்க்கரை சரியாகச் செரிக்காமல் போகலாம். சின்னத் துண்டாகக் கொடுத்துப் பாருங்கள், வயிறு உப்பினால் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம்.

எடுக்காமல் விடுவதையும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது, மஸ்கோத் அல்வாவும் அப்படித்தான். தூத்துக்குடி மக்ரூன் முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்ந்தது, பட்டியல்படி ஆகும். ஆனால் மைதா பறக்கும் பேக்கரியில் அதே தட்டில் வைத்துச் சுட்டதா என்று தெரியாமல் கொடுக்க மாட்டேன். விரலில் மாட்டிக்கொண்டு சாப்பிடும் கலர் வடகம் பலவற்றில் கோதுமை மாவு இருக்கிறது, ஜவ்வரிசி வடகமாகப் பார்த்து வாங்குங்கள். சாக்லேட்டில் வேஃபர் உள்ளவை கூடாது. ஐஸ்கிரீம் என்றால் கப்பில் வாங்குங்கள், கோன் கோதுமை.

நூடுல்ஸுக்கு ஏங்குவாள். அதற்கு ரெடிமேட் அரிசிச் சேவைப் பாக்கெட் இருக்கிறது, வெந்நீரில் போட்டு ஐந்து நிமிடத்தில் தயார். காய்கறி, முட்டை போட்டு வதக்கி, கொஞ்சம் மிளகுத்தூள் தூவிக் கொடுங்கள். நூடுல்ஸ் பாக்கெட்டின் மசாலாவை மட்டும் எடுத்து இதில் போடுகிற வேலை வேண்டாம், சோயா சாஸும் வேண்டாம். இரண்டிலும் கோதுமை வரலாம்.

அந்த விலை கூடிய அலமாரியையும் நான் ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்தியாவிலும் சட்டம். அந்த உறுதி மற்ற பாக்கெட்டுகளுக்கு இல்லை. பயணத்துக்கும் பிறந்தநாளுக்கும் அதில் வாங்குங்கள். வாங்கும்போது கோதுமை பிஸ்கட்டைப் போல நடிக்கும் பண்டங்களை விட்டுவிட்டு, பாதாம் மாவு, கடலை மாவு, தேங்காய், வெண்ணெய் சேர்ந்த குக்கீஸாகத் தேர்ந்தெடுங்கள். அவற்றுக்கு முதலிலிருந்தே குளூட்டன் துணை தேவைப்படவில்லை, அதனால் ருசியும் குறைவதில்லை. பிரெட் வாங்கினால் நெய் தடவிச் சூடாக வாட்டித்தான் கொடுக்க வேண்டும், ஆறியதைச் சாப்பிட முடியாது. வாட்டுவதற்கு அவளுக்கென்று தனித் தோசைக்கல் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் கேட்டதற்கு வருகிறேன். அவர் பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் கேட்கிறார். அவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் சில மாதம் தொடர்ந்து போனாலே இந்த நோய் உள்ளவர்களின் குடல் உட்சுவர் சிதைகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஒரு சின்ன மைதா பிஸ்கட்டில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் இருக்கும். அப்படியானால் அந்த பிஸ்கட்டை ஐந்தாக உடைத்து அதில் ஒரு துண்டு தினமும் போனாலே போதும். அவர் சொல்லும் 'கொஞ்சம்' அதைவிடப் பெரிதாகத்தானே இருக்கும்? வயிற்று வலி வரவில்லையே என்று பார்க்கவும் கூடாது, வலி இல்லாமலே குடல் கெடும்.

அவருக்குக் கதை பிடிக்கும் என்றால் இதையும் சொல்லலாம். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். உலகப் போரின் கடைசிக் குளிர்காலம், 1944-45, அங்கே கடும் பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் மெலிந்தபோது, இந்த நோய் இருந்த குழந்தைகள் மட்டும் தேறினார்கள். பஞ்சம் தீர்ந்து ரொட்டி திரும்ப வந்ததும் அவர்கள் மறுபடி படுத்துவிட்டார்கள். கோதுமைதான் காரணம் என்று அவர் முன்பே சந்தேகப்பட்டிருந்தார், 1950-இல் ஆய்வேடாகவே எழுதினார். அதுவரை இந்தக் குழந்தைகளுக்கு எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று தெரியாமலே பலரை இழந்திருக்கிறார்கள். நமக்குத் தெரியும்.

பள்ளிக்கு ஒரு ஏற்பாடு செய்யுங்கள். வகுப்பு ஆசிரியையிடம் மூடி இறுக்கமான ஒரு டப்பா கொடுத்து வையுங்கள், உள்ளே கடலை மிட்டாயும் அவளுக்குப் பிடித்த சாதா சாக்லேட்டும். யாருக்காவது பிறந்தநாள் என்று கேக் வெட்டினால், ஆசிரியை அந்த டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும். எல்லோரும் தின்னும்போது அவள் கையும் வெறுமையாக இருக்காது. மற்றப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் அளவுக்குப் போட்டு வையுங்கள், தின்பண்டத்தைப் பகிர்ந்து தின்கிற வயது அது. ரயிலுக்கு வறுத்த பாசிப்பருப்பு, சேவை, வாழைப்பழம். பெட்டியில் விற்க வரும் எதையும் வாங்க வேண்டாம்.

நோயை உறுதி செய்து ஆறு மாதம் முடிந்ததும் ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுத்துப் பாருங்கள், அளவு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அந்த நோட்டையும், அவள் தின்னும் பாக்கெட்டுகளின் உறைகளையும், அடுக்களை டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு உங்கள் ஊர் உணவியல் ஆலோசகரிடம் எடுத்துப் போங்கள். பெருங்காய டப்பாவை மட்டும் அதுவரை விட்டுவைக்காதீர்கள். இன்று இரவு ரசம் தாளிப்பதற்கு முன்பே அதைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.